பதினெட்டுக்குப் பிறகு இருபத்தொன்று

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி. ஓட்டைக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சாம்பியனிடம் ஐந்தாவது தடவையாக அதே கேள்வி கேட்கப்பட்டது. ஐந்தாவது தடவையாக அவனும் அதே பதிலைச் சொன்னான்.

"தெரியலை மேடம். வாயில வந்துச்சு. சொல்லிட்டேன்."

கேட்டவர் பெயர் நிதானம். அதாவது ஊர் வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் சொல்பவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிற அம்மாள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பு வாரைச் சரியாக மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று அவருடைய உதவியாளனே சொல்லுவான். அந்த உதவியாளனுக்கு ரேடியோ என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவனோடு ஐந்து நிமிஷம் காரில் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாம்பியனின் தொழில் பல் செட் செய்வது. மச்சானுடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பல் பல்லாகப் பதிக்கிற வேலை. ஒன்பது வருஷமாக யாருக்கும் தெரியாமல் யார் யாருடைய சிரிப்பையோ செய்துகொண்டிருந்தவன், டெலிவிஷனில் பொது அறிவுப் போட்டிக்குப் போனான். ஏழு சனிக்கிழமை தொடர்ந்து ஜெயித்தான். தெருவில் போனால் ஆட்கள் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அவனும் நின்று பதில் சொன்னான். அந்த வியாதி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எட்டாவது சனிக்கிழமை விழுந்தது இடி. நேரடி ஒளிபரப்பு. முப்பத்திரண்டு கேள்வியில் முப்பதாவது. அறிவிப்பாளர் அட்டையைப் பார்த்து, "1911-ல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா ஓவியம் திருடு போனது" என்று முதல் வாக்கியத்தைப் படித்து மூச்சு வாங்கினார். அதற்குள் சாம்பியன் பொத்தானை அழுத்தி, "புளோரன்ஸ்" என்றான். அறிவிப்பாளர் விழித்தார். அட்டையில் மீதி இப்படி இருந்தது: "அந்த வழக்கில் போலீசார் விசாரித்த, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் யார்?" பதில் பிக்காசோ. தப்பான பதில் சொன்னால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். ஆனால் கேட்காத கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. ஓவியம் இரண்டு வருஷம் கழித்து அகப்பட்ட ஊர் நிஜமாகவே புளோரன்ஸ்தான்.

கேள்வி வெளியே கசிந்திருக்கிறது என்று நிலையம் முடிவுகட்டியது. இன்று மாலை ஐந்து மணிக்குள் விளக்கம் வராவிட்டால் ஏழு வார வெற்றியும் ரத்து. அதோடு விடமாட்டார்கள், வரும் சனிக்கிழமை காமிராவுக்கு முன்னால் மோசடி என்று அறிவிப்பார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவன் நிதானத்தைத் தேடிப் போனான். நேற்று அவனுடைய மகள் பள்ளியிலிருந்து வந்து, காப்பியடித்தால் எங்களை பெஞ்ச் மேல் நிற்க வைப்பார்கள், உன்னை எங்கே நிற்க வைப்பார்கள் அப்பா என்று கேட்டிருந்தாள். பிள்ளை கேலிக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அதிலிருந்து அவனுக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை.

"மூஞ்சியைத் தூக்குங்க சார்," என்றான் ரேடியோ, காரை ஓரம் கட்டிக்கொண்டே. "உலகத்திலயே சின்ன போர் எது?"

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறு. இங்கிலாந்துக்கும் ஸான்ஸிபாருக்கும். முப்பத்தெட்டு நிமிஷம்." சாம்பியனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்லுவான்.

"எங்க வீட்டுல காலையில பாத்ரூமுக்கு நடக்கிற சண்டை அதைவிட நீளம்," என்று ரேடியோ கதவைத் திறந்தான்.

அவர்கள் வந்திருந்தது கேள்விக்காரர் வீட்டுக்கு. இருபத்திரண்டு வருஷமாக நிலையத்துக்குக் கேள்வி எழுதித் தருகிற மனிதர். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ரேடியோ மூச்சிரைத்துக்கொண்டு ஏறினான், நிதானம் ஒவ்வொரு படியாக ஏறி அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

முன்னறையில் நாற்காலிகள் குறைவு, இழுப்பறைகள் அதிகம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: போர்கள், நோய்கள், இசைக்கருவிகள், கோள்கள், தோல்வியடைந்த கண்டுபிடிப்புகள். கேள்விக்காரர் சாம்பியனை ஏற இறங்கப் பார்த்தார். தன்னையும் சந்தேகப்படுகிறார்கள் என்ற கடுப்பில்தான் அவர் கதவையே திறந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் என் வீட்டுக்காரிக்குக்கூட ஒரு கேள்வி சொன்னதில்லை, அதற்காகவே அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள் என்று படபடவென்று பொரிந்தார்.

நிதானம் அவர் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, அந்த முதல் வாக்கியத்தை மட்டும் கேட்ட ஒரு கெட்டிக்காரன், குருட்டாம்போக்கில் புளோரன்ஸ் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"முடியாது," என்றார் கேள்விக்காரர். "அந்த ஒரு வாக்கியத்துலேர்ந்து நாப்பது கேள்வி போடலாம். யாரு திருடினா, என்ன கிழமை, எத்தனை வருஷம் கழிச்சு கிடைச்சுது, யாரையெல்லாம் பிடிச்சு விசாரிச்சாங்க. ஊரை எவன் கேப்பான்? இதோ, நான் கேட்டேன். அதனாலதான் சொல்றேன்."

அவர் ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். அதே முதல் வாக்கியம். அதற்குக் கீழே, "இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அது எந்த நகரத்தில் அகப்பட்டது?" என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்திருந்தது. ஓரத்தில் தேதி: புதன்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை அவர் முப்பத்திரண்டு கேள்வியையும் உறையில் போட்டு நிலையத்தின் வரவேற்பு மேஜையில் கொடுப்பார். அங்கிருந்து அது சரிபார்ப்பவருக்குப் போகும். அந்த ஆள் ஒவ்வொரு பதிலையும் இரண்டு புத்தகங்களில் பார்த்து உறுதி செய்து, டைப் அடித்த குறிப்போடு புதன்கிழமை திருப்பி அனுப்புவார். கையெழுத்து கூடாது, பெயர் கூடாது, இருவரும் சந்திக்கவே கூடாது. இது நிலையத்தின் விதி. அதனால் அந்த ஆளைக் கேள்விக்காரர் கண்ணால் கண்டதில்லை. பழைய புளோரன்ஸ் கேள்வி பிறந்தது திங்கள், செத்தது புதன். அதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

"நான் சொல்லலை," என்றார் அவர். "சரிபார்க்கிறவரும் தங்கமான ஆளு. கேள்வியை மாத்தச் சொன்னதே அவருதான். கசிய விடறவன் கேள்வியை மாத்தச் சொல்லுவானா?"

நிதானம் அந்தக் குறிப்பைப் பார்க்கலாமா என்றார். கேள்விக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டு, போன வாரக் குறிப்பை எடுத்து நீட்டினார். சாம்பியனும் தலையை நீட்டிப் படித்தான். டைப் அடித்த ஒற்றைத் தாள். நடுவில் ஒரு வரி: "46. ஊரைக் கேட்பது சுலபம். விசாரிக்கப்பட்ட ஓவியரைக் கேட்டால் சிறப்பு."

"முப்பத்திரண்டு கேள்வில நாப்பத்தாறாவது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான் ரேடியோ.

அதைத்தான் நானும் ஆறு வாரமாகக் கேட்கிறேன் என்று கேள்விக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், ஒன்று இரண்டு எண்ணத் தெரியவில்லை. பதினொன்றில் ஆரம்பிக்கிறார். பதினெட்டுக்குப் பிறகு இருபத்தொன்று. இருபத்தெட்டுக்குப் பிறகு முப்பத்தொன்று. இப்படியே போய் நாற்பத்தெட்டில் முடிக்கிறார். ஏன் இப்படி என்று நிலையம் மூலமாகக் கேட்டதற்கு, பழக்கம், மன்னிக்கவும் என்று ஒற்றை வரி வந்ததாம்.

"ஒன்பதும் பத்தும் அவருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சோ," என்றான் ரேடியோ.

சாம்பியன் சிரிக்கவில்லை. அவன் வாய் மூடியிருந்தது. உள்ளே நாக்கு மட்டும், கீழ் வலது பக்கம், நடுவிலிருந்து ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு ஆறாவது பல்லில் போய் நின்றது. கீழ் வலது முதல் கடைவாய்ப் பல். அதற்குத் தொழிலில் நாற்பத்தாறு என்று பெயர். நாள் முழுக்கப் பல்லோடு கிடக்கிறவனுக்கு வாய் நாலு கால்வாசி, கால்வாசிக்கு எட்டுப் பல். மேல் வலது பதினொன்றிலிருந்து பதினெட்டு, அடுத்து மேல் இடது இருபத்தொன்றிலிருந்து, இப்படியே கீழ் வலது நாற்பத்தெட்டு வரை. முப்பத்திரண்டு பொருளை வரிசையாக வைத்து எண்ணு என்றால் அப்படித்தான் எண்ண வரும். கை தானாக அப்படித்தான் டைப் அடிக்கும்.

இந்தப் பக்கத்தில் அப்படி எண்ணுகிற, அதே நேரம் லூவரையும் பிக்காசோவையும் விரல் நுனியில் வைத்திருக்கிற ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் இங்கே நின்றுகொண்டிருந்தான்.

நிதானம் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டபிறகுதான், "உங்க பட்டறையில பல்லுக்கு எப்படி நம்பர் போடுவீங்க?" என்றார்.

அவன் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை உங்களைக் கேட்டேன். யாரு கூட உக்காந்து படிப்பீங்கன்னு. யாருமில்லை, தனியாத்தான்னு சொன்னீங்க."

சாம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொன்னது பொய்தான். ஒன்பது வருஷமாக ஒரே மேஜையில் மச்சான் கேட்க அவன் சொல்ல, அவன் கேட்க மச்சான் சொல்ல, கை மெழுகில் இருக்கும், வாய் உலகத்தைச் சுற்றிவரும். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் பல் செட் மரத்தில் செய்யப்பட்டதல்ல, நீர்யானைத் தந்தத்திலும் மனிதப் பற்களிலும் செய்யப்பட்டது என்பதுதான் மச்சான் அவனிடம் கேட்ட முதல் கேள்விக்குப் பதில். அன்றைக்கு அவன் தோற்றான். அந்தத் தோல்வியில் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். இதையெல்லாம் ஏன் மேடத்திடம் சொல்லவில்லை என்று அவனுக்கே தெரியவில்லை.

இப்போது அதைவிடப் பெரிய கல் ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்தச் சரிபார்க்கிறவர் மச்சான்தான் என்றால், அவருக்கு முன்கூட்டியே கேள்விகள் தெரியும். அவர் அதை மறைத்து, நூறு கேள்வியோடு ஒன்றாகக் கலந்து, மாப்பிள்ளை ஜெயிக்கட்டும் என்று ஊட்டிவிட்டிருக்கிறார். பாசத்தில்தான் செய்திருப்பார். ஆனால் அப்படியானால் அந்த ஏழு வாரம்? கைதட்டல், தெருவில் நிறுத்திக் கேட்டவர்கள், எல்லாம் யாருக்கு? தன்னால் சொந்தமாக ஜெயிக்க முடியாது என்று மச்சான் நினைத்திருக்கிறார். கூடவே உட்கார்ந்திருந்த மனிதனே நம்பவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டான்.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். முன்னறையில் அச்சு வாங்கி வைக்கிற மேஜை, அதன் மேல் தேதி முத்திரை. உள்ளே ஜன்னலோரம் நீள மேஜை, இரண்டு முக்காலிகள், ஒரு ஸ்பிரிட் விளக்கு, பலகை பலகையாக வெள்ளைத் தாடைகள். எங்கே தொட்டாலும் பிளாஸ்டர் தூசி.

"இங்க எல்லாரும் சிரிச்ச முகம்தான்," என்று ரேடியோ தாடைகளைப் பார்த்துக் கும்பிட்டான்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான மனிதர், முன் தலை வழுக்கை, மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் காதுக்கம்பி நூலால் கட்டியது. கையில் மெழுகு கத்தி. மாப்பிள்ளையோடு இரண்டு அந்நியர்கள் வந்திருப்பதைப் பார்த்தும் அவர் யார் என்று கேட்கவில்லை. கத்தியை விளக்கில் காட்டிச் சூடாக்கிக்கொண்டார்.

சாம்பியனுக்குப் பொறுக்கவில்லை. நிலையத்துக்குச் சரிபார்க்கிற வேலை பார்க்கிறீர்களா என்று நேராகக் கேட்டான். ஆமாம் என்றார் மச்சான். எத்தனை நாளாக என்றான். உன்னுடைய இரண்டாவது வாரத்திலிருந்து என்றார். விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டாராம், போட்டியாளருக்குச் சொந்தமா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாராம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள், அதனால் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பல்லுக்கு நிறம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்கு எத்தனை கேள்வி குடுத்தீங்க மச்சான்? அதை மட்டும் சொல்லுங்க."

மச்சான் சூடான கத்தியை மெழுகில் வைத்து ஈறு ஒன்றை நேராக்கினார்.

நிதானம் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு அச்சோடும் ஒரு சீட்டு வரும் என்று சாம்பியனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். டாக்டர் எண், பல் எண், நிறம், வந்து சேர்ந்த தேதி முத்திரை. வேலை முடிந்தால் சீட்டு குப்பை. ஆனால் இந்தப் பட்டறையில் அது குப்பைக்குப் போகாது. மச்சான் அதன் பின்பக்கம் கேள்வி எழுதுவார், கேட்டு முடித்ததும் மேஜைக்கு அடியில் இருக்கிற காலி பிளாஸ்டர் டின்னில் போடுவார். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம்.

ரேடியோ டின்னைத் தூக்கி மேஜை மேல் வைத்தான். மேலே கிடப்பதுதான் போன வாரத்துச் சீட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தான்.

"மனுஷ உடம்புல ரொம்பக் கெட்டியான பொருள் எது?"

"பல்லு எனாமல்," என்றான் சாம்பியன், தன்னை அறியாமல்.

"ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

"மூணு," என்று சாம்பியனும் மச்சானும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கொடுத்து வச்சது. ஒண்ணு உடைஞ்சாலும் ரெண்டு மிச்சம்," என்ற ரேடியோ அடுத்த சீட்டை எடுத்தான். அவன் குரல் மாறியது. "மேடம், அம்மணி இங்க இருக்காங்க."

மச்சானின் கையெழுத்து. மோனாலிசா. 1911. எந்த நகரத்தில் அகப்பட்டது. சாம்பியன் அதைப் பார்த்ததும் முக்காலியில் உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை காலை கேட்டது இப்போது ஞாபகம் வந்தது. மேல் செட் ஒன்றுக்கு முன் பல் பதித்துக்கொண்டிருந்தான். பதில் தெரியவில்லை. மச்சான்தான் சொன்னார், சொல்லிவிட்டு, மறக்காதே, இது வரும் என்று முதுகில் தட்டினார்.

"அப்ப நீங்கதான் ஜெயிக்க வச்சீங்க," என்றான். "ஏழு வாரமும் நீங்கதான்."

நிதானம் சீட்டைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அதை அவன் கையில் கொடுத்து, முத்திரையைப் படிக்கச் சொன்னார்.

"வியாழன்."

"இந்த அச்சு பட்டறைக்கு வந்ததே வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடி இந்தச் சீட்டு இங்க கிடையாது. கேள்வியை மாத்தச் சொன்ன குறிப்பு போனது எப்போ?"

"புதன்," என்றான் ரேடியோ. விரலை மடக்கிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கு அவன் பேசாமல் நின்ற ஒரே இடம் அதுதான்.

சாம்பியனுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புதன்கிழமை மச்சானே அந்தக் கேள்வியைக் கொன்றுவிட்டார். கொன்றுவிட்டோம் என்று தெரிந்தே வெள்ளிக்கிழமை அதை அவனுக்கு ஊட்டினார். மேடையில் அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டதும் அவன் பாய்வான் என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக அவன் கை எப்போது பாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஜெயிக்க வைக்கவில்லை. காலை வாரிவிட்டிருக்கிறார்.

"தோத்துட்டு வீட்டுக்கு வரட்டும்னு நினைச்சேன்," என்றார் மச்சான். "ஒரு தப்பான பதில். அவ்வளவுதான்."

தப்பான பதில்தான் வேண்டுமென்றால் எதையாவது தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று நிதானம் அமைதியாகக் கேட்டார். நிலையத்தின் உறையில் இருந்த ஒரு சரியான பதிலைத் தேடி எடுத்துக் கொடுத்தது தோற்கடிக்க அல்ல, பிடித்துக் கொடுக்க. மச்சான் மெழுகு கத்தியை விளக்குப் பக்கத்தில் வைத்தார்.

"முதல் வாரம் ஞாபகம் இருக்கா மாப்ளே? மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். உங்களை யாரு தயார் பண்ணினாங்கன்னு அந்த ஆளு மைக்கை நீட்டிக் கேட்டான். நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டேன், காமிரா திரும்புமேன்னு. நீ என்ன சொன்னே?"

அவன் வாய் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொன்னார்.

"யாருமில்லை, நானே தனியாப் படிச்சேன்னு சொன்னே. என்னைப் பாத்துக்கிட்டே சொன்னே. மறுநாள் பட்டறைக்கு வந்து, எப்படி இருந்துச்சு மச்சான்னு கேட்டே. ஒரு பட்டறையிலேர்ந்து ஒருத்தர்தான் போகலாம்னு விதி இருந்துச்சு. என் விண்ணப்பத்தை நான்தான் கிழிச்சேன், நீ சின்னவன், போய்ட்டு வான்னு. அதுவும் உனக்கு ஞாபகம் வரலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு வாரமும் உன்னுதுதான். சத்தியமா ஒரு கேள்விகூட நான் குடுக்கலை. உறையைத் திறந்து வச்சுக்கிட்டு, இது இவனுக்குத் தெரியும், இது தெரியாதுன்னு குறிச்சு வைப்பேன். சனிக்கிழமை டிவியில பாத்தா, நான் தெரியாதுன்னு போட்டதுக்கும் நீ பதில் சொல்லுவே. நீ என்னைத் தாண்டிப் போய் ரொம்ப நாளாச்சு. அதைத் தாங்கிக்கிட்டேன். அந்த 'யாருமில்லை'யைத்தான் தாங்க முடியலை."

ஏழு வாரமும் தன்னுடையது. காரில் வரும்போது இந்த ஒரு வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பான். இப்போது அது வந்து, வாயில் போட்டதும் கசந்தது. துரோகம் என்று கத்த நினைத்தான். அந்த வார்த்தையை இந்த அறையில் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதில்தான் சிக்கிக்கொண்டான்.

நிதானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு இருபது. நிலையம் பத்து நிமிஷ தூரம். சீட்டையும் குறிப்பையும் அருகருகே வைத்தால் போதும், சாம்பியன் மேல் சேறு நிற்காது. ஆனால் மச்சானை நிலையம் சும்மா விடாது. பொய்யாகக் கையெழுத்துப் போட்டவர் என்று பெயரோடு அறிவிப்பார்கள், பட்டறைக்கு அச்சு அனுப்புகிற டாக்டர்கள் யோசிப்பார்கள். "உங்க சீட்டு. என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க," என்றார்.

சாம்பியன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு மனைவியின் ஞாபகம்தான் வந்தது. அப்பா போனபிறகு அண்ணன் வளர்த்த பெண். தான் நல்லவன் என்று ஊருக்குக் காட்ட, அவள் அண்ணனை நடுத்தெருவில் நிறுத்துவதா? இதைக் கேட்டால் அவள் துடித்துப்போவாள். கிழித்துப் போட்டுவிடலாம் என்று விரல் சீட்டின் நடுவுக்குப் போனது. அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று தோன்றியது. எதையும் சொல்ல அல்ல. குரலைக் கேட்க.

முன்னறைக்குப் போய் போன் செய்தான். அவள் வேலை பார்க்கிற பள்ளி அலுவலகத்தில் மணி இரண்டு தடவை அடித்ததும் எடுத்தாள்.

"நான்தான். பட்டறையில இருக்கேன். மேடமும் கூட இருக்காங்க."

அவள் கேட்டாள். "அண்ணன் சொல்லிட்டாங்களா?"

அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கத் தோன்றியது. கேட்டும் விட்டான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாங்க. அழுதாங்க. நான் வேண்டாம்னு சொல்லலை." அவள் குரல் நடுங்கவில்லை. "முதல் வாரம், யாருமில்லைன்னு நீங்க சொன்னப்போ, அண்ணன் பக்கத்து நாற்காலியில நானும்தான் உக்காந்திருந்தேன்."

"சனிக்கிழமை எனக்குச் சட்டை அயர்ன் பண்ணிக் குடுத்தே."

"ஆமா."

"நல்லா பண்ணுங்கன்னு சொன்னே."

"சொன்னேன்."

அவன் போனை வைத்தான். மேடைக்கு ஏறும்போது அந்தச் சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது அவனுக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, வாசல்வரை வந்து, காலரை நீவி விட்டவள். எல்லாம் தெரிந்துகொண்டே நீவி விட்டவள்.

உள்ளே வந்து சீட்டை நிதானத்திடம் நீட்டினான். இதையும் குறிப்பையும் கொடுத்துவிடுங்கள் என்றான். கொடுக்கும்போது, பயிற்சி கொடுத்தது யார் என்பதையும், முதல் வாரம் தான் சொன்னது பொய் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னான், அதற்குக் கீழே தானே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னான். நிதானம் தலையசைத்தார். ரேடியோ கார் சாவியை எடுத்துக்கொண்டு, எந்தக் கிண்டலும் இல்லாமல், முன்னால் நடந்தான்.

மச்சான் முக்காலியிலிருந்து எழுந்திருந்தார். தனக்கு என்ன ஆகப்போகிறது என்பதை அவர் கேட்கவில்லை. மூன்று பேரும் வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்து, "மாப்ளே, தங்கச்சி என்ன சொன்னா?" என்றார்.

சாம்பியன் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினான். பதில் தெரிந்தும் அவன் வாய் திறக்காத முதல் கேள்வி அது.